கையெழுத்து சாரின் கட்டை விரல்

மூன்றாவது படிவமும் தோற்றுப்போனது.

வங்கியின் உதவி மேலாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். கணினித் திரையையும் கையிலிருந்த படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, துக்கச் செய்தி சொல்ல வந்தவள் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையெழுத்து பொருந்தவில்லை என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு எழுபத்து நான்கு வயது. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'கையெழுத்து சார்'. முதியோர் கல்வித் துறையில் முப்பத்திரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தி, விரலில் மை தடவிக்கொண்டிருந்தவர்களைப் பேனா பிடிக்க வைப்பதுதான் அந்தத் துறையின் வேலை. அவர் சொல்லும் கணக்குப்படி பதினோராயிரத்து நானூறு பேரைக் கைநாட்டிலிருந்து மீட்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவரின் கையெழுத்தைத்தான் அந்தப் பெண் செல்லாது என்றாள்.

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு டெபாசிட் போட்டபோது கொடுத்த மாதிரிக் கையெழுத்து. முதல் எழுத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கடைசி எழுத்தின் வால் வளைந்து திரும்பி, மொத்தப் பெயருக்கும் அடியில் ஓடி, முடிகிற இடத்தில் இரண்டு புள்ளி வைத்திருந்தது. இன்று அவர் போட்டதில் வால் இருந்தது, வளைவு இல்லை. புள்ளிகள் கிடையவே கிடையாது.

அவர் புள்ளிகளையே பார்த்தார். தான் எப்போது புள்ளி வைத்தோம்? எப்போது விட்டோம்? ஞாபகமே வரவில்லை.

"வயசானா கையெழுத்து மாறும் சார்," என்றாள் அவள். "எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. கைநாட்டு வெச்சிடலாம்."



கையெழுத்து சார் எழுந்தார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் சாகிற அன்னிக்கு வேணா என் விரலப் பிடிச்சு வெச்சுக்கங்கம்மா," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

*

அந்தப் பணம் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்து சாரும் மனைவியும் குடியிருப்பது மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. மனைவிக்கு இரண்டு முழங்காலும் போன வருடமே ராஜினாமா கொடுத்துவிட்டன. வாரத்துக்கு ஒரு முறை கீழே இறங்குவாள், அதுவும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில். ஏறி வர முக்கால் மணி நேரம். இரண்டாவது மாடியில் அவள் மூச்சு வாங்குவதற்கென்றே ஒரு புண்ணியவதி வாசலில் முக்காலி போட்டு வைத்திருந்தாள்.

தரைத்தளத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர், தன் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி வீட்டைப் பத்து வருடக் குத்தகைக்கு விடத் தயாரானார். முன்பணம் ஏழு லட்சம், மாத வாடகை பெயருக்குக் கொஞ்சம். கையெழுத்து சாரிடம் ஏழு லட்சத்து எண்பதாயிரம் டெபாசிட் இருந்தது. பென்ஷன் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சரியாகப் போய்விடும். ஆக, அவர்களுக்கு உலகத்தில் இருந்த ஒரே கையிருப்பு அந்த டெபாசிட்தான்.

அது எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால் அவருக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. மாதாமாதம் சம்பளத்தை மனைவியிடம் கொடுத்தார், எங்கேயோ டெபாசிட் முளைத்தது. வங்கிக்கு ஒரு நாளும் போனதில்லை. அது தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார், காலையில் வாசலில் பால் தானாக வருவதைப் போல. இப்போது முழுத் தொகையையும் எடுக்க வேண்டுமென்றால் பெயருக்கு உரியவரே நேரில் வர வேண்டும் என்று வங்கி சொன்னதால்தான் முதல் முறையாக அங்கே காலடி வைத்தார்.

மருந்துக்கடைக்காரர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு வீடு டியூஷன் மாஸ்டருக்கு. டியூஷன் மாஸ்டர் ரொக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். தரைத்தளத்தில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பது அவர் திட்டம்.

வீடு கைநழுவினால் அடுத்தது என்ன என்பதையும் மகன் முடிவு செய்து வைத்திருந்தான். நகரத்தின் மறுகோடியில் அவன் வீட்டில் லிஃப்ட் இருந்தது, ஒரு அறையும் இருந்தது. அந்த அறையில் ஏற்கெனவே நடைப்பயிற்சி இயந்திரம் ஒன்றும், இஸ்திரி மேஜையும், பிரிக்காத நான்கு அட்டைப்பெட்டிகளும் குடியிருந்தன. அப்பாவும் அம்மாவும் அவற்றோடு சேர்ந்து இருந்துகொள்ளலாம். டெபாசிட்டுக்கு அவன் பெயரில் ஒரு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், இனி அப்பா எதிலும் கையெழுத்துப் போடவே தேவையில்லை. நல்ல பையன்தான். எதையும் அட்டவணை போட்டுப் பேசுவான். அப்பா அம்மாவையும் அட்டவணையில் ஒரு கட்டத்தில் போட்டு மூடிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவான்.

"அப்பா, இதுல வெக்கப்பட என்ன இருக்கு? வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்," என்றான் போனில்.

அதே வாக்கியத்தை அந்த வாரத்தில் அவர் நான்காவது தடவையாகக் கேட்டார்.

*

வெள்ளிக்கிழமைக்குப் பதினாறு நாள் இருந்தது. கையெழுத்து சார் போருக்குத் தயாரானார்.

நூறு பக்க நோட்டுகள் ஆறு வாங்கினார். திரையில் பார்த்த கையெழுத்தை உதவி மேலாளரிடம் மறுபடி ஒரு முறை காட்டச் சொல்லி மனதில் பதித்துக்கொண்டு வந்து, தன் சொந்தக் கையெழுத்தைத் தானே காப்பி அடிக்கத் தொடங்கினார். காலையில் வெறும் வயிற்றில் நூறு. குளித்துவிட்டு நூறு. சாப்பிட்ட பிறகு கை கொஞ்சம் கனமாக இருக்கும், அப்போது ஐம்பது. நீலப் பேனா, கறுப்புப் பேனா, மைப் பேனா. மேஜையில் வைத்து, மடியில் வைத்து, நின்றுகொண்டு சுவரில் வைத்து. மணிக்கட்டில் உப்புப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டுகூடப் போட்டுப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டிய முதல் எழுத்து, மாத்திரை வாங்க வரிசையில் நிற்பதைப் போலவே நின்றது.

விசித்திரம் என்னவென்றால், மனைவி சமையலறையில் இருந்தபடியே திருத்தம் சொன்னாள்.

வாலை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே திருப்பணும் என்றாள். புள்ளி ரெண்டும் ஒட்டி இருக்கக்கூடாது என்றாள். ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, பேனாவை அழுத்தாதீங்க, தண்ணி மேல போற மாதிரிப் போகணும் என்றாள். அவள் வங்கித் திரையைப் பார்த்ததே இல்லையே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தைப் பிடிப்பதற்குள் அது போய்விட்டது. எண்ணங்கள் இப்படிப் போவதும் வயதுதான் என்று குறித்துக்கொண்டார்.

ஆமாம், குறிக்க ஆரம்பித்திருந்தார். அதுதான் உண்மையில் பயங்கரம். முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு புள்ளி வைத்த மனிதனை அவருக்கு ஞாபகமே இல்லை. அப்படியானால் வேறு எதையெல்லாம் மறந்திருக்கிறோம்? குளிர்பதனப் பெட்டியின் கதவில் சிறு சீட்டுகள் ஒட்டத் தொடங்கினார். மாத்திரை. சாவி. மகனின் பிறந்தநாள். ஒரு நாள் காலையில் மனைவி பாலெடுக்கக் கதவைத் திறந்தபோது, அங்கே அவளுடைய பெயரே ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. அவள் பாலை எடுக்காமல் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

பத்தாவது நாள் மகன் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினான்.

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, உள்ளிருந்து வெளியே போகிற மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். கை நடுங்குகிறவர்களால் அதை வரைய முடியாதாம். கையெழுத்து சார் வரைந்த சுருளைப் பார்த்து டாக்டர் பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். கொசுவர்த்திச் சுருள்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

டாக்டர் யோசித்தார். பிறகு கவலையோடு சொன்னார்: "கையில ஒண்ணுமே இல்ல. அப்போ பிரச்சினை தலையிலதான் இருக்கணும்."

மூளைக்கு ஸ்கேன் எழுதினார். இருபத்து நான்காயிரம்.

*

மகன் அவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். புதன்கிழமை காலை ஸ்கேன். வெள்ளிக்கிழமை மதியம் கெடு.

மனைவி அன்று ஐம்பத்து நான்கு படியையும் ஒரே மூச்சில் ஏறினாள். முக்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்து சாருக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

வீட்டுக்குள் வந்ததும் அவர் வழக்கம் போல நோட்டைத் திறந்தார். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. ஒரு இழுப்பு, ஒரு வளைவு, இரண்டு புள்ளி.

வங்கித் திரையில் இருந்த அதே கையெழுத்து, ஈரம் காயாமல் நோட்டில் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"ஸ்கேனுக்குக் காசு கட்டாதீங்க," என்றாள் அவள். "உங்க தலையில ஒண்ணும் இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தவள் அவள். மாப்பிள்ளையோ கைநாட்டை ஒழிக்கிற உத்தியோகம். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை அவள் மறக்கவில்லை. மறுவாரமே அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தார். நோட்டு வாங்கக் காசு இல்லாத காலம். அவருடைய பழைய சுற்றுப்பயண அறிக்கைகளின் பின்பக்கத்தைக் கொடுத்து எழுதச் சொன்னார். ஒவ்வொரு அறிக்கையின் முன்பக்கத்திலும் அடியில் அவருடைய கையெழுத்து. அவர் மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராக வகுப்புகளைப் பார்வையிடப் போய்விடுவார். அவள் தாளைத் திருப்பித் திருப்பி அதையும் பார்த்து எழுதிப் பழகினாள். தன் பெயரை எழுதத் தெரிவதற்கு முன்பே அவளுக்கு அவர் கையெழுத்து வந்துவிட்டது. வால் வளைவும் புள்ளியும் மட்டும் அவள் கை தானாகச் சேர்த்துக்கொண்டவை. வெறும் கோடு மொட்டையாக இருந்ததாம்.

டெபாசிட் விஷயமும் அப்படித்தான். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். சம்பளக்காரர் பெயரில்தான் போட முடியும் என்றார்கள். அந்தத் திட்டத்தில் அரை சதவீதம் வட்டி கூடுதல், ஆனால் சனிக்கிழமையோடு முடிகிறது. அவர் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"அரை சதவீதம்," என்றார் அவர்.

"அப்ப அது பெரிசு," என்றாள் அவள்.

இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நாற்பது மாணவர்களுக்குப் பதிலாகத் தானே கையெழுத்துப் போட்டுக் கணக்குக் காட்டிய வாத்தியாரை அவர் ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பிய கதையை, வருடத்துக்கு இரண்டு முறையாவது அவள் கேட்டிருக்கிறாள். நீங்களே போட்டுப் பழகிட்டா சொல்ல வேண்டியதே இருக்காதுன்னு நெனச்சேன் என்றாள். டாக்டரிடம் சுருள் வரைந்தது வரைக்கும் பொறுத்துக்கொண்டாள். இருபத்து நான்காயிரம் என்றதும் தாங்க முடியவில்லை.

கையெழுத்து சார் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் கதவுக்கு அடியில் ஒரு தாள் வெளியே வந்தது.

மெமோ.

பழக்க தோஷம். முப்பத்திரண்டு வருடம் மெமோ கொடுத்துக் கொடுத்து, கோபம் வந்தால் அவருக்கு வேறு மொழி தெரியாது. கணக்கு வைத்திருப்பவரின் கையெழுத்தை அவருக்குத் தெரியாமல் இட்டது, அதை முப்பத்தொரு ஆண்டுகள் மறைத்தது, கணவர் நரம்பு மருத்துவரிடம் சுருள் வரைந்துகொண்டிருக்கையில் அருகில் அமர்ந்து மௌனம் காத்தது ஆகிய மூன்று குற்றச்சாட்டுகளுக்கும் எழுத்து மூலம் விளக்கம் தரவும் என்று இருந்தது.

விளக்கம் கால் மணி நேரத்தில் உள்ளே போனது. அதே தாளின் பின்பக்கத்தில்.

"ஐயா, முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதில், சுருள் மிக அழகாக இருந்ததால் குறுக்கிட மனம் வரவில்லை. மேற்படித் தொகை வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது. அதில் தங்கள் பங்கு, மிச்சம் பிடிப்பதைக் கவனிக்காமல் இருந்தது. குளிர்பதனப் பெட்டியில் என் பெயர் எழுதிய சீட்டைப் பார்த்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். அது மட்டும்தான் என் தப்பு. அதற்கு எந்தத் தண்டனையும் சரி. சாப்பாடு ஆறுகிறது."

அவர் அதை இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனா கையில் தயாராக இருந்தது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

வெளியே வந்து சாப்பிட உட்கார்ந்தார். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு சீட்டும் இல்லை.

*

வியாழக்கிழமை முழுக்க ஒரே கேள்வி: என்ன செய்வது?

உண்மையைச் சொன்னால் விசாரணை வரும். விசாரணை முடியும்வரை பணம் வங்கியிலேயே உறையும், டியூஷன் மாஸ்டர் வாய்ப்பாட்டைத் தொடங்கிவிடுவார். மனைவி ஒரு வழி சொன்னாள். ஒரே நாளில் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவாளாம், பேனாவைத் தளர்வாகப் பிடித்தால் போதுமாம். அவர் முறைத்தார். பொய்க் கையெழுத்தைப் பார்த்து ஒரு பொய்க் கையெழுத்தா என்றார். மகனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதலாம் என்றால், அதற்கும் வங்கியில் கையெழுத்து பொருந்த வேண்டும். பொருந்தினாலும் அந்த அறையில் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். யாரும் அவருக்காகப் போட முடியாதது, முப்பத்தொரு வருடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாதது, அவருடையது மட்டுமே ஆனது.

சாயங்காலம் அவர் வெகுநேரம் தன் வலதுகைக் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய எதிரியைப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பார்த்தவர் போல.

*

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு இருவரும் வங்கியில் இருந்தார்கள். மனைவிக்குப் படி இறங்க மட்டும் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

உதவி மேலாளர் படிவத்தை நீட்டினாள். கையெழுத்திட இயலாத வாடிக்கையாளர் பெருவிரல் ரேகை பதிவதற்கான படிவம். காரணம் குறிக்க மூன்று கட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர். கை நடுக்கம் அல்லது உடல்நலக் குறைவு. பிற.

முதல் கட்டத்தைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. இரண்டாவதில் பேனாவை வைக்கப்போன அந்தப் பெண்ணைத் தடுத்தார். என் கை நடுங்கவில்லை என்றார். மூன்றாவதில் தன் கையாலேயே குறியிட்டு, பக்கத்தில் விவரம் எழுதினார்: 'பதிவில் உள்ள கையெழுத்தை இப்போது என்னால் போட முடியவில்லை.'

எழுதியதைப் படித்துப் பார்த்தார். 'இப்போது' என்பதை அடித்தார். அது பொய். 'முடியவில்லை' என்பதை அடித்து 'முடியாது' என்று திருத்தினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் இடப் போனவரை, சார் அதுதான் உங்களால முடியாதே என்று அவள் நினைவூட்ட வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல், மை. அந்தக் கிளையில் கைநாட்டு வைத்தே வருடங்கள் ஆகியிருந்தன. மூன்று மேஜை இழுப்பறைகளைக் குடைந்து ஒரு மைப்பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். காய்ந்து பிஸ்கட் மாதிரி இருந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் ஊற்றாதீங்க, பரவிடும், வெந்நீர் ஆவியில காட்டுங்க என்று கையெழுத்து சார் யோசனை சொன்னார். எதிரியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. விரலை நேராகக் குத்தக்கூடாது, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருட்ட வேண்டும் என்று பாடமே எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் கவுன்ட்டரில் ஒரு தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"சார், நீங்க கையெழுத்து சார்தானே? நான் உங்க ராத்திரி வகுப்புல படிச்சவ."

அவர் தலையாட்டினார். கட்டை விரல் முழுக்க மை. அவள் பார்வை விரலில் இறங்கியது, படிவத்துக்குப் போனது, மறுபடி முகத்துக்கு வந்தது. தன் சீட்டில் தேவைக்கு மேல் நேரம் எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, கையெழுத்துப் போட்டாள். பிறகு போகும்போது அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கையெழுத்து சார் கண்ணை மூடிக்கொண்டு விரலை உருட்டினார்.

பதிவு சுத்தமாக விழுந்தது. ஒவ்வொரு ரேகையும் தனித்தனியாக. அடையாள அட்டைக்காகப் பதிவு செய்திருந்த ரேகையோடு வைத்துப் பார்த்த உதவி மேலாளர், ஏழு விநாடியில் தலையசைத்தாள். பதினாறு நாள், ஆறு நோட்டு, ஒரு நரம்பு டாக்டர் செய்யாததை ஒரு கட்டை விரல் செய்துவிட்டது.

மணி பதினொன்று ஐந்து.

பணத்தை எந்தக் கணக்கில் போட என்று கேட்டாள். கூட்டுக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும் என்றார் அவர். முதல் பெயர் மனைவியுடையது. மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். "சேத்தவ பேரு முன்னாடி இருக்கட்டும்," என்றார், மையைத் துடைப்பதிலேயே கவனமாக.

மாதிரிக் கையெழுத்து அட்டை அவள் முன்னால் வந்தது.

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுபது வயதில்தான் அது உறைத்தது. பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டை, பார்சல், வரி ரசீது என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை. தனக்கென்று ஒரு கையெழுத்து வைத்துக்கொள்ளவே நேரம் வாய்க்கவில்லை.

"உங்க பேர எழுதுங்கம்மா, போதும்," என்றாள் உதவி மேலாளர்.

எழுதினாள். முதல் எழுத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கடைசி எழுத்தை முடித்ததும் கை நிற்கவில்லை. வால் தானாக வளைந்தது, தானாகத் திரும்பியது, பெயருக்கு அடியில் ஓடியது. அவள் பதறிப்போய்ப் பேனாவைத் தூக்குவதற்குள், பழகிய கை இரண்டு புள்ளியையும் வைத்துவிட்டது.

உதவி மேலாளர் அட்டையைப் பார்த்தாள்.

திரையைப் பார்த்தாள். அங்கே பழைய மாதிரிக் கையெழுத்து இன்னும் மூடப்படாமல் இருந்தது.

அட்டையைப் பார்த்தாள்.

கையெழுத்து சாரின் பொய் சொல்லத் தெரியாத வாய் திறந்துகொண்டது. "அதுல ஒரு விஷயம் என்னன்னா ம்மா..." என்று ஆரம்பித்தார். மேஜைக்கு அடியில் மனைவியின் செருப்பு அவர் பாதத்தின் மேல் ஏறி, அங்கேயே உட்கார்ந்தது.

உதவி மேலாளர் மவுஸை நகர்த்தினாள். பழைய கணக்கு திரையிலிருந்து மறைந்தது.

"அம்மா," என்றாள் நிதானமாக, "இந்தக் கையெழுத்த இனிமே உங்க கணக்குல மட்டும் போடுங்க." பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னெண்டு மணிக்குள்ள போகணும்னு சொன்னீங்களே சார்."

*

பதினொன்று ஐம்பதுக்கு ஆட்டோ குடியிருப்பு வாசலில் நின்றது. டியூஷன் மாஸ்டர் பையோடு படிக்கட்டுக்கு எதிரே உட்கார்ந்து கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

மருந்துக்கடைக்காரர், வங்கி எழுதிக் கொடுத்த காசோலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துக் கையெழுத்து சாரிடம் நீட்டினார். அவர் அதை வாங்காமல், மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். வீடு அவங்க பேருக்குத்தான் என்றார்.

மனைவி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பத்திரத்தை மேஜையில் விரித்து, முதல் வரியில் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினாள்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. முதல் பக்கத்தில் 'வாடகைதாரர்' என்பதற்குக் கால் விட்டுப்போனதைக் காட்டித் திருத்தச் சொன்னாள். இரண்டாம் பக்கத்தில் வருடாவருடம் வாடகை ஏறும் என்று ஒரு ஷரத்து இருந்தது. பேசும்போது இது இல்லையே என்றாள். மருந்துக்கடைக்காரர் அது எல்லா ஒப்பந்தத்திலும் வழக்கமாக வருவதுதான் என்றார். அப்படியானால் எடுத்துவிடுவதும் வழக்கமாக இருக்கட்டும் என்று சொல்லிப் பேனாவை மூடிவைத்தாள். காசோலை மேஜைக்கு நடுவில் கிடந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று அவருடைய கை ஒரு அங்குலம் போய் ஒரு அங்குலம் திரும்பியது. கடைசியில் ஷரத்தை அடித்தார்.

கழிவறையில் கைப்பிடி பொருத்தித் தருவது யார் செலவு என்று எழுதவில்லையே என்று அவள் அடுத்ததை எடுத்தாள்.

மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஆண்பிள்ளையிடம் பேசினால் காரியம் முடியும் என்ற நம்பிக்கையில் இந்தப் பக்கம் திரும்பினார்.

"சார், மணி பன்னெண்டரை ஆகுது. நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?"

கையெழுத்து சார் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்திருந்தார். மை போகாத கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"நான் கைநாட்டு சார். எனக்கென்ன தெரியும்? அவங்களயே கேளுங்க."

அவள் விரலில் எச்சில் தொட்டு, மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள்.